படைவீரர் குடும்பங்களின் சட்ட உரிமைகளும் லாச்சப்பல் தமிழர் கடமையும்

பாரிசு மாநகரின் பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்கள் சந்திக்கும் லாச்சப்பல் பகுதியில், எமது மக்களுக்கு வேண்டிய உதவிகளில் பெரும்பாலானவை தமிழிலேயே கிடைக்கின்றன. வதிவிட அட்டை புதுப்பிக்க விண்ணப்பம் நிரப்புவோர் உண்டு. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்போர் உண்டு. வருமான வரிப் படிவம், காப்புறுதி, விமானச் சீட்டு என எதற்கும் ஃபோபூர் சென் தெனி வீதியில் ஒரு கதவு திறந்திருக்கும். ஆனால், "பிரெஞ்சுப் படையில் இருக்கும் என் மகன் காயமுற்றுவிட்டான், நான் யாரிடம் போகவேண்டும்?" என்று ஒரு தாய் வந்து கேட்டால், அவருக்கு வழிகாட்டக்கூடிய கதவு எது என்று எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இக்கேள்வி எமக்கு வேண்டாத கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பிரான்சில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகள் இந்நாட்டின் குடிமக்கள். கட்டாய இராணுவ சேவை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இடைநிறுத்தப்பட்டபோதிலும், பிரெஞ்சுப் பிரஜாவுரிமை உள்ள ஒவ்வொரு ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் பதினாறு வயதில் மெரியில் பதிவு செய்துகொள்ளவேண்டும். அதன்பின் பாதுகாப்பும் குடிமையும் பற்றிய ஒருநாள் நிகழ்வுக்கு அழைக்கப்படுவார்கள். அங்கே படைத்துறை வேலைவாய்ப்புகள் பற்றி விளக்கப்படுகிறது. 2025 நவம்பரில் குடியரசுத் தலைவர் மக்ரோன், 2026 கோடை முதல் பத்து மாத கால தன்னார்வ இராணுவ சேவையை அறிமுகப்படுத்தப் போவதாக அறிவித்தார். எமது இளையோரில் சிலர் இப்பாதையைத் தெரிவு செய்வர் என்பதில் ஐயமில்லை.

ஈழத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இது எளிதில் பேசக்கூடிய விடயமன்று. சீருடை என்ற சொல்லைக் கேட்டாலே சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் நினைவுக்கு வரும் தலைமுறை அது. இராணுவத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறியவர், தமது பிள்ளை வேறொரு நாட்டின் இராணுவத்தில் சேர்வதைப் பெருமையாகவோ சாதாரண தொழிலாகவோ எடுத்துக்கொள்ளத் தயங்குவார். இத்தயக்கம் நியாயமானது. ஆனால் அதன் விளைவு, பல வீடுகளில் இது பேசப்படாத பொருளாகிவிடுவதே. பிள்ளை கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பெற்றோர் வாசித்திருப்பதில்லை. தாய் தந்தையருக்குப் புரியாத பிரெஞ்சுக் கடிதங்களைப் பிள்ளையும் விளக்குவதில்லை. ஏதேனும் நேர்ந்த பின்னரே தேடல் தொடங்குகிறது. அதற்குள் காலக்கெடு கடந்துவிடுகிறது.

காலக்கெடு என்ற இந்தச் சொல்லையே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது. படைவீரருக்கும் அவரது குடும்பத்துக்கும் பிரெஞ்சுச் சட்டம் கணிசமான உரிமைகளை வழங்கியிருக்கிறது. அவற்றுள் மிகச் சிலவே தாமாக வீடு தேடி வருபவை. மற்றவை உரிய நேரத்தில், உரிய ஆவணத்தோடு, உரிய இடத்தில் கேட்டால் மட்டுமே கிடைப்பவை. இதனை எமக்கு முன்பே அனுபவத்தில் கற்றுக்கொண்ட தமிழர்கள் எமது அருகிலேயே வாழ்கிறார்கள். அவர்கள் புதுச்சேரித் தமிழர்கள்.

லாச்சப்பல் கடைகளில் ஈழத்தமிழரோடு தோளுரசி நடக்கும் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பல, பிரெஞ்சுப் படையோடு தலைமுறைத் தொடர்பு உடையவை. பாட்டனார் இந்தோசீனாவில், தந்தையார் அல்ஜீரியாவில் என்று சொல்லக்கூடிய வீடுகள் அவை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், முதலாம் உலகப் போரில் உயிரிழந்த பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்கான நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சு வீழ்ந்தபோது, 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் ஜெனரல் து கோலின் பக்கம் நிற்பதாக அறிவித்த மண் அது.

அந்த மண்ணின் மக்களுடைய பிரஜாவுரிமையைத் தீர்மானித்தது ஓர் ஆறு மாத காலக்கெடு. 1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் கைமாறியது. ஆட்சி உரிமையை முழுமையாக ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையொப்பமாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றே நடைமுறைக்கு வந்தது. அம்மண்ணில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர், பிரெஞ்சுப் பிரஜையாகத் தொடர விரும்பினால், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அறிவிக்காதவர் இந்தியராவார். இந்தியாவுக்கும் அந்தப் பிரதேசங்களுக்கும் வெளியே குடியிருந்தோருக்கு வேறு விதி இருந்தது. சுமார் ஐயாயிரம் பேரே பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைத் தெரிவு செய்தனர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்ற நிலை அப்போது உண்டாயிற்று. அந்த ஆறு மாதத்தில் ஒரு தாளில் இடப்பட்ட அல்லது இடப்படாத கையொப்பம், பேரப்பிள்ளைகளின் கடவுச்சீட்டு வரை தொடர்கிறது. ஒப்பந்தத்தின் பிரிவுகளைக் காட்டி வாதாடும் பிரஜாவுரிமை வழக்குகள் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் பிரெஞ்சு நீதிமன்றங்களுக்கு வந்தவண்ணம் இருந்தன.

பிரான்சுக்காகப் போரிட்ட ஆபிரிக்க வீரர்களின் வரலாறு இதைவிடக் கசப்பானது. 1959 டிசம்பர் 26ஆம் திகதிய வரவு செலவுச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, விடுதலை பெற்ற முன்னாள் குடியேற்ற நாடுகளைச் சேர்ந்த வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றிருந்த தொகையிலேயே உறைய வைத்தது. ஒரே அகழியில் நின்று போரிட்ட பிரெஞ்சு வீரரின் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர, செனகல் வீரரின் ஓய்வூதியம் நின்ற இடத்திலேயே நின்றது. ஓய்வு பெற்ற 743 செனகல் வீரர்கள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். ஓய்வூதியம் வழங்கப்படுவது பிரஜாவுரிமைக்காக அன்று, ஆற்றிய சேவைக்காகவே என்ற அடிப்படையில், 1989இல் அக்குழு இது பாகுபாடு என்று தீர்மானித்தது. அப்போதும் சட்டம் மாறவில்லை. 2001 நவம்பர் 30 அன்று பிரான்சின் உயர் நிருவாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா, டியோப் என்ற செனகல் வீரரின் வழக்கில் அவ்விதியை ஏற்க மறுத்தது. 2010 மே 28 அன்று அரசியலமைப்பு மன்றமும் பாகுபாட்டைக் கண்டித்தது. குடிமக்கள் தமது வழக்கின் ஊடாகவே ஒரு சட்டத்தின் அரசியலமைப்புத் தகுதியைக் கேள்விக்கு உட்படுத்தும் புதிய நடைமுறையின் கீழ் வந்த முதலாவது தீர்ப்பு அது. 2011ஆம் ஆண்டு முதலே முழுச் சமநிலை சட்டமாயிற்று. இடையில் கழிந்தவை ஐம்பது ஆண்டுகள். அத்தீர்ப்பைக் காணாமலே கண்மூடிய வீரர்கள் ஆயிரக்கணக்கானோர்.

பிரித்தானியப் படையில் பணிபுரிந்த நேபாள கூர்க்கா வீரர்களின் கதையும் இதையே சொல்கிறது. 1997இற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பிரித்தானியாவில் குடியேறும் உரிமை மறுக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மக்கள் ஆதரவும் நாடாளுமன்ற வாக்கெடுப்பும் சேர்ந்து அழுத்தியதால், 2009 மே மாதத்தில் அரசு பணிந்தது. வீரம் பற்றிய புகழுரைகள் நூற்றாண்டுகளாக இருந்தன. உரிமையைப் பெற்றுத் தந்தவை வழக்கும் அமைப்பாகத் திரண்ட மக்களுமே.

இனி, இன்று பிரான்சில் ஒரு படைவீரரும் அவரது குடும்பமும் அறிந்திருக்கவேண்டிய உரிமைகளைப் பார்ப்போம்.

முதலாவது, சேரும் நேரம். பதினெட்டு வயது நிறையாதவர் படையில் சேர்வதாயின் பெற்றோரின் சம்மதக் கையொப்பம் வேண்டும். தாம் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று அறியாத பெற்றோர், மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்யவேண்டும். ஒப்பந்தத்தின் முதல் ஆறு மாதம் பொதுவாகத் தகுதிகாண் காலமாகும். அக்காலத்தில் ஒப்பந்தத்தை இரு தரப்பும் முறித்துக்கொள்ளலாம். அதன் பின்னர் விலகுவது எளிதன்று. இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தால், மனம் மாறிய இளைஞர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் முகாமைவிட்டு வெளியேறிக் குற்றவாளியாகும் நிலை தவிர்க்கப்படும்.

இரண்டாவது, வெளிநாட்டவர்கள் சேரும் லெஜியோன் படையணி. 1831இல் உருவாக்கப்பட்ட இப்படையணியின் முதல் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகள். அதில் சேர எந்த முகவருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. ஆட்சேர்ப்பு நிலையத்தின் வாசலுக்கு நேரே செல்லவேண்டும், அவ்வளவே. குறைந்தது மூன்று ஆண்டு சேவையும் நன்னடத்தைச் சான்றிதழும் உள்ளவருக்குப் பத்தாண்டு வதிவிட அட்டை பெறும் வழியைச் சட்டம் வைத்திருக்கிறது. நடவடிக்கைப் பணியில் காயமுற்ற வெளிநாட்டு வீரர், பிரஜாவுரிமை கோரினால் பாதுகாப்பு அமைச்சின் முன்மொழிவோடு அதைப் பெறலாம் என்று 1999 டிசம்பர் சட்டம் கூறுகிறது. சிந்திய குருதியால் பிரெஞ்சுக்காரர் ஆதல் என்று இந்நாட்டில் இதனைக் குறிப்பிடுவர். வீரர் இறந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவரது வயது குறைந்த பிள்ளைகளுக்கும் அவ்வழி திறந்திருக்கிறது. ஆயினும் படையில் சேர்ந்த அன்றே முழுக் குடும்பத்துக்கும் வதிவிட உரிமை வந்துவிடும் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட இளைஞர்களிடம் இவ்வாறு ஆசை வார்த்தை கூறுவோரை நம்பவேண்டாம். வேலை வாங்கித் தருவதாகக் கூறிய முகவர்களை நம்பிச் சென்ற இலங்கையரும் இந்தியரும் ரஷ்யப் படையில் சிக்குண்டு போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்திகள் 2024இல் வெளிவந்தன. புரியாத மொழியில் இருந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதன் விலை உயிராக இருந்தது.

மூன்றாவது, சேவையில் இருக்கும்போது. கடமையின் காரணமாகத் தாக்கப்பட்ட, அச்சுறுத்தப்பட்ட வீரருக்கு அரசு சட்டப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்பது பாதுகாப்புச் சட்டக்கோவையின் விதி. சட்டத்தரணியின் கட்டணத்தை அரசு பொறுப்பேற்பதும் இதில் அடங்கும். குறிப்பிட்ட நிலைமைகளில் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இப்பாதுகாப்பு விரிவடைகிறது. ஆனால் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். பதவி உயர்வு, கொடுப்பனவு, இடமாற்றம் போன்ற தனிப்பட்ட முடிவுகளில் அநீதி நேர்ந்ததாகக் கருதினால், நேரடியாக நீதிமன்றம் செல்ல இயலாது. 2001இல் அமைக்கப்பட்ட படைவீரர் முறையீட்டு ஆணைக்குழுவிடம் இரண்டு மாதத்துக்குள் முதலில் முறையிடவேண்டும். அதன் பின்னரே நிருவாக நீதிமன்றம். இரண்டு மாதம் கடந்தால், எவ்வளவு நியாயமான குறையும் கேட்பாரற்றுப் போகும்.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். பிரெஞ்சுப் படைவீரர் தொழிற்சங்கத்தில் சேரமுடியாது. 2014 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளுக்குப் பின்னரே, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் படைவீரர்க்கான தொழில்சார் சங்கங்கள் அனுமதிக்கப்பட்டன. தொழிற்சாலையில் வேலை செய்யும் எம்மவருக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதி துணை நிற்பார். படைவீரருக்கு அத்துணை இல்லை. ஆகவே அவருக்குச் சட்ட அறிவு மற்றவரைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நான்காவது, காயமும் நோயும். சேவையினால் ஏற்பட்ட உடற்குறைக்கு ஊன ஓய்வூதியம் உண்டு. அது காயமுற்ற நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. மூன்று ஆண்டு தாமதித்தவர் மூன்று ஆண்டுப் பணத்தை இழக்கிறார். பயிற்சியில் முழங்கால் பிறழ்ந்தாலும் அன்றே அதனை எழுத்தில் பதிவு செய்வித்து, மருத்துவ அறிக்கையின் பிரதியை வீட்டில் வைத்திருக்கவேண்டும். 'சின்னக் காயம்தானே, எதற்கு எழுதுவான்' என்ற எமது வழக்கமான அடக்கம் இங்கே உதவாது. போரினால் ஏற்படும் உளப் பாதிப்பும் 1992 ஜனவரி ஆணை முதல் இவ்வோய்வூதியத்துக்கு உரியதாகக் கருதப்படுகிறது. இரவில் உறங்காமல் எழுந்து உட்கார்ந்திருக்கும் மகனைப் பற்றி வெட்கப்பட எதுவுமில்லை. போரைக் கண்டு வந்த எமது பெற்றோருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

இவ்வோய்வூதியம் மறுக்கப்பட்டால், ஊன ஓய்வூதிய முறையீட்டு ஆணைக்குழுவிடம் ஆறு மாதத்துக்குள் முறையிடலாம். அங்கும் மறுக்கப்பட்டால் நிருவாக நீதிமன்றம். இதற்குப் பணம் எங்கே என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 1991 ஜூலை 10ஆம் திகதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் எய்ட் ஜூரிடிக்சியோனெல் என்னும் அரச சட்ட உதவி, பொதுவாகக் குறைந்த வருமானம் உடையோருக்கானது. ஆனால் படைத்துறை ஊன ஓய்வூதிய வழக்குகளில் வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. வீரருக்கும், அவர் வழியாக ஓய்வூதியம் கோரும் குடும்பத்தவருக்கும் சட்டத்தரணிக்கான செலவை அரசே ஏற்கும். இச்செய்தியை அறியாது வழக்கைக் கைவிடுவது, தமது பணத்தைத் தெருவில் போட்டுவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, வீரர் மறைந்த பின்னர். ஓய்வூதியம் பெற்ற வீரரின் மனைவிக்கோ கணவருக்கோ அதன் பாதி, திருமண காலம் அல்லது பிள்ளைகள் தொடர்பான நிபந்தனைகளோடு கிடைக்கும். அதையும் விண்ணப்பித்தே பெறவேண்டும். சட்டம் இங்கே திருமணம் என்று குறிப்பது மெரியில் பதிவான அல்லது சட்டப்படி செல்லுபடியாகும் திருமணத்தை மட்டுமே. கோவிலில் தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்திய திருமணம் எமக்குப் புனிதமானது. ஆனால் பதிவு இல்லையேல், இருபது ஆண்டு கூடி வாழ்ந்த பெண்ணும் சட்டத்தின் கண்ணில் விதவை அல்லள். ஊரில் நடந்த திருமணமாயின், அது தூதரக வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கவேண்டும். போரிலோ கடமையிலோ தந்தையை இழந்த பிள்ளையை அரசு தத்தெடுக்கும் 'பூப்பில் து லா நசியோன்' என்ற தகுதியை 1917 ஜூலைச் சட்டம் உருவாக்கியது. கல்விக்கும் வாழ்க்கைக்கும் அது துணை நிற்கும். முன்னாள் வீரர்களுக்கும் போரால் பாதிக்கப்பட்டோருக்கும் பொறுப்பான ஓனாக் என்னும் தேசிய அலுவலகம் மாவட்டந்தோறும் கிளை வைத்திருக்கிறது. அல்ஜீரியாவில் 1962 ஜூலைக்கும் 1964 ஜூலைக்கும் இடையே பணியாற்றியவர்களுக்கும் 2019 முதல் போர்வீரர் அட்டை பெறும் உரிமை நீட்டிக்கப்பட்டது. புதுச்சேரிக் குடும்பங்களில் முதியவர் எவரேனும் அக்காலத்தில் அங்கே இருந்திருந்தால், அவரது பழைய சேவை ஏட்டை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இவ்வுரிமைகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கும் ஒரு சிக்கல் எம்மவருக்கே உரியது. அதுதான் பெயர். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் எமது மரபு பிரெஞ்சுப் பதிவேட்டுக்குப் புரிவதில்லை. ஊர்ச் சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் வேறோர் எழுத்து, அகதிகள் பணியகமான ஒஃப்ரா வழங்கிய பத்திரத்தில் மூன்றாவதாக ஓர் எழுத்து. பிறந்த திகதியும் சில வேளைகளில் மாறுபடும். சாதாரண நாளில் இது சிறு எரிச்சல். மகன் மறைந்த பின்னர், "இந்தப் பத்திரத்தில் உள்ளவரும் நீங்களும் ஒருவரே என்று நிறுவுங்கள்" என்று ஒரு தாயிடம் கேட்கப்படும்போது அது கொடுமை. அமைதிக் காலத்திலேயே இவற்றைத் திருத்திக்கொள்வது அறிவுடைமை.

"படையிலேயே சமூக உதவிப் பிரிவும் ஆலோசகர்களும் இருக்கிறார்களே, நாம் ஏன் தனியாக ஏதும் செய்யவேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் செல்லவும் வேண்டும். ஆனால் அவர்கள் பேசுவது பிரெஞ்சு மொழி. பெற்றோரிடம் செய்தி சேரவேண்டியது தமிழில். மேலும், பிணக்கு படை நிருவாகத்தோடேயே என்றால், அதற்கு வெளியே நிற்கும் ஒருவரின் ஆலோசனை தேவைப்படுகிறது. "இதையெல்லாம் எழுதுவது எமது பிள்ளைகளைப் படைக்கு அனுப்புவதாகாதா?" என்று வேறு சிலர் கேட்பர். ஆகாது. சேர்வதா வேண்டாமா என்பது அந்தந்த இளைஞரின் முடிவு. ஒப்பந்தத்தின் முழு அளவையும் அறிந்தவர் அவசரப்பட்டுச் சேரமாட்டார் என்பதே உண்மை. சேர்ந்தபின் அவரைத் தனியே விடாதிருப்பது சமூகத்தின் பொறுப்பு.

தமிழர் அதிகம் வாழும் இந்தியாவிலும் இத்தேவை இப்போது உணரப்பட்டிருக்கிறது. எல்லையில் நிற்கும் வீரர், ஊரில் நடக்கும் காணி வழக்குக்கோ குடும்ப வழக்குக்கோ வந்து நிற்க முடியாது. இதனைக் கருத்திற்கொண்டு, இந்தியாவின் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று சிறிநகரில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்களை அமைத்து, வீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் உதவுவது அதன் நோக்கம். அமெரிக்காவில் படைமுகாம்களிலேயே சட்ட உதவி அலுவலகங்கள் இயங்குகின்றன. அங்கே உயில் கட்டணமின்றி எழுதித் தரப்படுகிறது. சேவையில் உள்ள வீரரின் குடும்பத்தை நீதிமன்ற உத்தரவின்றி வீட்டிலிருந்து வெளியேற்றுவதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பெரிய அரசுகளே தேவை என்று கண்டதை, ஒரு சிறுபான்மைச் சமூகம் தனக்குத் தேவையில்லை என்று எண்ணலாகாது.

ஆகவே எமது முன்மொழிவு எளிமையானது. லாச்சப்பலிலும் அதைச் சுற்றியும் இயங்கும் தமிழ்ச் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் கோவில் நிருவாகங்களும் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட வழிகாட்டல் மேசை ஒன்றை நடத்தலாம். அங்கே வழக்கு நடத்தவேண்டியதில்லை. கடிதத்தை வாசித்து, அது என்ன சொல்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, எங்கே போகவேண்டும் என்ற மூன்றையும் தமிழில் சொன்னால் போதும். அதன்பின் உரியவரை அரசின் இலவச சட்ட ஆலோசனை நிலையங்களுக்கு அனுப்பலாம். புவான் ஜூஸ்தீஸ் எனப்படும் அந்நிலையங்களை 3039 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம். பத்தாம் வட்டாரத்திலேயே நீதி, சட்ட இல்லம் ஒன்றும் உண்டு. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்டு 'உடனே முடித்துத் தருகிறேன்' என்று கூறும் இடைத்தரகர்களிடம் எமது மக்கள் ஏற்கெனவே இழந்தது போதும்.

இம்மேசைக்கு இரு தரப்பினர் வேண்டும். ஒரு தரப்பினர் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் மூத்தோர். சேவை ஏடு என்றால் என்ன, ஓனாக்கில் எப்படிப் பேசுவது, எந்தத் தாளைத் தொலைக்கக்கூடாது என்பவை அவர்களுக்குக் கைவந்தவை. மறு தரப்பினர், பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயிலும் எமது பிள்ளைகள். ஈழத்தமிழர் வேறு, புதுச்சேரித் தமிழர் வேறு என்று ஒரே தெருவில் இரு கரைகளாக நாம் வாழ்ந்தது போதும். இந்த ஒரு பணியில் அவர்களுடைய அனுபவமும் எமது இளையோரின் கல்வியும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை படையில் இருந்தால், அந்தத் தெரிவு உங்களுக்கு உடன்பாடோ இல்லையோ, ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். அவரது படைப்பிரிவின் பெயரும், அவசர வேளையில் அழைக்கவேண்டிய எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். வரும் கடிதம் எதுவாயினும், உறையோடு சேர்த்து, கிடைத்த திகதியை அதன்மேல் எழுதி வையுங்கள். காலக்கெடு அத்திகதியிலிருந்தே எண்ணப்படும்.

இளையோரே, உங்கள் தாய் தந்தையர் அஞ்சுவார்கள் என்று எண்ணி அவர்களிடமிருந்து எதையும் மறைக்காதீர்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், அலுவலகப் படிகளில் ஏறி இறங்கப்போவது அவர்கள்தாம். உங்கள் பெயரும் அவர்கள் பெயரும் எல்லாப் பத்திரங்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். திருமணம் செய்திருந்தால் பதிவு செய்யுங்கள். காயமுற்றால் எழுதி வையுங்கள். முடிவு ஒன்று உங்களுக்கு எதிராக வந்தால், இரண்டு மாதம் என்பதை மறவாதீர்கள்.

செனகல் வீரர்கள் தமது உரிமைக்காக ஐம்பது ஆண்டு காத்திருந்தார்கள். புதுச்சேரியில் பலர் ஆறு மாதத்தைத் தவறவிட்டு, அதன் விளைவைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள். எமக்கு முன்னே சட்டம் எழுதப்பட்டு, வாசிக்கப்படக் காத்திருக்கிறது. அதனை வாசித்துச் சொல்லும் மேசை ஒன்றை லாச்சப்பலில் போடுவதற்கு அரச அனுமதியோ பெரும் பொருளோ தேவையில்லை. முன்வரும் சங்கங்கள் தமது அடுத்த நிருவாகக் கூட்டத்திலேயே இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.